தந்தையின் தொட்டி, மகனின் மண்

நாகர்கோவிலில் வண்ணமீன் விற்கும் கடை எதிலாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும். "அண்ணே, போன வாரம் கொண்டுபோன மீனுல ஆறு செத்துப் போச்சு. என்னவாக்கும் காரியம்? ஆக்சிஜன் மோட்டார் எல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு." கடைக்காரர் பாலிதீன் பையில் காற்றடைத்துக்கொண்டே பதில் சொல்வார்: "தண்ணி புதுசுல்லா, அதாக்கும். ஒரு மாசம் கழியட்டும். அதுக்குள்ள நிறைய மீனை விட்டுட்டிய." கேட்டவருக்கு இது ஏதோ சமாளிப்பு மாதிரித் தோன்றும். புதுத் தண்ணீரில் என்ன குறை? பளிங்கு மாதிரி தெளிந்துதானே கிடக்கிறது?

கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் அது ஏன் சரி என்று மனிதர்கள் கண்டுபிடிக்க ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆனது. அந்த நாற்பது வருஷக் கதையில் லண்டனைச் சேர்ந்த ஒரு தந்தையும் மகனும் வருகிறார்கள். தந்தை கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தார். மகன் வயலைப் பற்றி யோசித்தார். மீன் ஏன் சாகிறது என்பதற்கான பதில் மகனிடம் கிடைத்தது. வண்ணமீன் வளர்ப்பை வெறும் வீட்டு அலங்காரமாக எண்ணுகிறவர்களுக்கும், நாஞ்சில் நாட்டில் வயலும் குளமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் இந்தக் கதையில் கிடைக்க ஏதோ இருக்கிறது என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

*

மீனை அடைத்து வைத்துப் பார்ப்பது பழைய ஆசை. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் என்ற சமஸ்கிருத நூலில், அரசனின் பொழுதுபோக்குகளில் ஒன்றாக மீனுக்கு ஒரு பகுதியே உண்டு. எந்த மீனுக்கு என்ன தீனி என்பதுவரை அதில் இருக்கிறது. சீனர்கள் சோங் அரசமரபின் காலத்தில் பொன்மீனைத் தோட்டத்துக் குளங்களில் வளர்த்தார்கள். 1665இல் லண்டனில் ஒரு வீட்டில் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் வெளிநாட்டு மீன் நீந்துவதைக் கண்ட சாமுவேல் பெப்பிஸ், அதைத் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதி வைத்தார்.

ஆனால் குளத்தில் மீன் வளர்ப்பது ஒன்று, கண்ணாடிக்குள் வளர்ப்பது வேறொன்று. குளத்துக்கு அடியில் சேறு உண்டு, மேலே காற்று உண்டு, ஒரு பக்கம் மடை, மறுபக்கம் மறுகால். நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் குளம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கண்ணாடிப் பாத்திரத்தில் இவை எதுவும் கிடையாது. அதனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கண்ணாடியில் மீன் வைத்தவர்கள் எல்லாரும் ஓயாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1832இல் சிசிலித் தீவில் ஜான் வில்லப்ரூ பவர் என்ற பெண்மணி கடலுயிர்களை ஆராய்வதற்கென்றே கண்ணாடித் தொட்டிகள் செய்தார். 1846இல் அன்னா தின் என்பவர் கடலோரத்திலிருந்து பவளப் பூச்சிகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீரைத் தினமும் மாற்ற லண்டனில் வழியில்லை. ஆகவே வீட்டுப் பணிப்பெண், திறந்த சன்னலுக்கு முன்னால் நின்று, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அரைமணி நேரத்துக்கும் மேலாக ஊற்றி ஊற்றி எடுப்பாராம். டீக்கடையில் டீ ஆற்றுகிறமாதிரிதான். இன்றைக்கு நம்மூரில் நூற்றைம்பது ரூபாய் 'ஆக்சிஜன் மோட்டார்' செய்யும் வேலையை அன்றைக்கு ஒரு பெண்ணின் கை செய்தது. பெயர் பதிவாகாத அந்தப் பணிப்பெண்ணைத்தான் உலகின் முதல் ஏர் பம்ப் என்று சொல்லத் தோன்றுகிறது.

*

தந்தையின் பெயர் ராபர்ட் வாரிங்டன். 1807இல் பிறந்தவர், வேதியியலாளர். லண்டன் மருந்தாளர் சங்கத்தின் மாளிகையில் வேலை, குடியிருப்பும் அங்கேயே. தாவரம் கரியமிலவாயுவை எடுத்து ஆக்சிஜனை விடுகிறது, விலங்கு ஆக்சிஜனை எடுத்துக் கரியமிலவாயுவை விடுகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். அப்படியானால் ஒரே பாத்திரத்துக்குள் இரண்டையும் வைத்தால் தண்ணீரை மாற்றாமலே இரண்டும் பிழைக்குமா? 1849இல் 12 காலன், அதாவது ஏறக்குறைய 54 லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் கல்லும் இட்டு, நாடா போல் நீளும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு பொன்மீன்களை விட்டார்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகின. கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. தண்ணீர் கலங்கியது. வாரிங்டன் இயற்கையான குளத்தில் இதை யார் சரிசெய்கிறார்கள் என்று யோசித்து, ஐந்தாறு குளத்து நத்தைகளைப் பிடித்துப் போட்டார். நத்தைகள் அழுகிய இலையையும் பாசியையும் தின்றன. அவை இட்ட முட்டைகளை மீன்கள் தின்றன. தண்ணீர் தெளிந்தது. 1850இல் தன் முடிவுகளை வேதியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். மீன், செடி, நத்தை மூன்றும் சேர்ந்த சமநிலை. இன்றைக்கும் வண்ணமீன் புத்தகங்களில் முதல் அத்தியாயத்தில் வரும் பாடம் இதுதான்.

அதன்பிறகு இங்கிலாந்தில் ஒரு பைத்தியமே பிடித்தது. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்களுக்கென்று தனிக் கண்ணாடி மாளிகை திறந்தார்கள். 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய 'த அக்வேரியம்' என்ற நூல் இந்த மோகத்தை வரவேற்பறைகள்தோறும் கொண்டுபோனது, அந்தச் சொல்லையும் நிலைக்கச் செய்தது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வாளியும் உளியுமாகக் கடற்கரைக்கு ரயிலேறினார்கள். பாறைக் குழிகளில் இருந்த அனிமோன், நண்டு, சிறுமீன் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்தார்கள். சில வருஷங்களில் வீடுகளில் இருந்த தொட்டிகள் நாறின. மோகம் தணிந்தது. ஆனால் கரைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கோஸின் மகன் எட்மண்ட் 1907இல் வெளியிட்ட தன் நினைவுநூலில், தன் தந்தை நேசித்த டெவன் கடற்கரைப் பாறைக் குளங்கள் தந்தையின் புத்தகங்களைப் படித்து வந்தவர்களாலேயே சூறையாடப்பட்டதையும், அது தந்தைக்குத் தீராத துயரமாக இருந்ததையும் எழுதியிருக்கிறார். மீன் வளர்ப்பின் வரலாற்றில் இந்தத் துயரம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது.

ஆனால் தொட்டிகள் ஏன் நாறின? வாரிங்டனின் சமநிலையைத்தானே எல்லாரும் பின்பற்றினார்கள்? செடி இருந்தது, நத்தை இருந்தது, ஆனாலும் மீன் செத்தது. சமநிலையில் இன்னொரு பங்காளி இருந்தது, அது கண்ணுக்குத் தெரியவில்லை. வாரிங்டன் மணலோடு குளத்துச் சேற்றையும் சேர்த்துப் போட்டாரே, அந்தப் பங்காளி அந்தச் சேற்றோடு வந்து சேர்ந்திருந்தது. அவருக்கே அது தெரியாது.

*

தந்தை தன் முடிவை வெளியிட்டபோது மகனுக்கு 11 வயது. அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். தந்தையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் கற்றவர் பின்னால் விவசாய வேதியியலுக்குப் போனார். 1876இல் ராத்தம்ஸ்டெட் என்ற ஊரில் இருந்த விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கே அவர் முன்னால் இருந்தது மீனோடு சம்பந்தமில்லாத கேள்வி. வயலில் இடும் எருவிலுள்ள நைட்ரஜன் எங்கே போகிறது? அம்மோனியாவாக மண்ணுக்குள் போவது, மழைக்குப் பிறகு வடிகால் தண்ணீரில் நைட்ரேட்டாக வெளியே வருகிறதே, நடுவில் அதை மாற்றியது யார்?

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர் இதற்கு ஒரு அழகான சோதனை செய்தார்கள். மணலும் சுண்ணாம்புத் தூளும் நிரப்பிய நீண்ட குழாயில் பாரீஸ் நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. வெறும் ரசாயன மாற்றமாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்கும். இருபது நாள் காத்திருக்க வேண்டுமென்றால் ஏதோ ஒரு உயிர் அங்கே குடியேறிப் பெருகியிருக்க வேண்டும். குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. பிறகு தோட்டத்து மண்ணைக் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள். சில நாளில் மீண்டும் தொடங்கியது.

வாரிங்டன் இதை ராத்தம்ஸ்டெட்டில் தொடர்ந்தார். பத்து வருஷத்துக்கும் மேல் உழைத்து, இந்த வேலை இரண்டு கட்டங்களில், இரண்டு வகை நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று காட்டினார். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் வெற்றி மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. 1890இல் ரஷ்யரான வினோகிராட்ஸ்கிக்குக் கிடைத்தது.

இப்போது நாகர்கோவில் கடைக்கு வாருங்கள். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. மிச்சத் தீனியும் கழிவும் அழுகினால் அதிலும் அம்மோனியா. கொஞ்சம் கூடினாலே செவுள் வெந்துபோகும். தண்ணீரின் காரத்தன்மை கூடக் கூட இதன் விஷமும் கூடும். புதுத் தொட்டியில் இதை உண்ணும் பாக்டீரியா கிடையாது. ஒரு வாரம் பத்து நாளில் முதல் வகை பெருகி அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அது வேறு விஷம். இரத்தத்திலே கலந்து பிராணவாயு ஏற்கவிடாமல் செய்யும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஆக்சிஜன் மோட்டார் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அப்புறம் மெதுவாக இரண்டாம் வகை பெருகும். நைட்ரேட் ஆனபிறகு பெரிய ஆபத்து இல்லை. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் தீர்ந்தது, மிச்சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து நாலு முதல் ஆறு வாரம். கடைக்காரர் சொன்ன 'ஒரு மாசம்' இதுதான். ஷ்லோசிங்கின் குழாயில் கழிந்த இருபது நாளும் இதுதான்.

பழக்கப்பட்டவர்கள் புதுத் தொட்டி வைக்கும்போது, ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கிப் புது பில்டரில் செருகுவார்கள். வீட்டில் தயிர் உறையூற்றுகிற காரியம்தான். தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றிய 1877ஆம் வருஷத்துச் சோதனையும் அதேதான். அழுக்கான ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவுகிறவர்கள் அறியாமல் உறையைக் கொட்டிவிடுகிறார்கள். நாகர்கோவிலுக்கு முக்கடல் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. அது ஷ்லோசிங்கின் குளோரோஃபார்ம் செய்த வேலையைச் செய்யும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டுதரம் பிழிந்தால் போதும். புதுத் தண்ணீரை ஒருநாள் வாளியில் திறந்து வைத்தோ, குளோரின் முறிக்கும் மருந்து விட்டோ ஊற்ற வேண்டும்.

என் வீட்டுக் கூடத்தில் நூறு லிட்டர் தொட்டி ஒன்று பல வருஷமாக இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் மீனை எண்ணுவார்கள், பெயர் கேட்பார்கள். பில்டருக்குள் இருக்கும் கறுத்த ஸ்பாஞ்சை யாரும் கேட்டதில்லை. ஒருமுறை தோவாளைப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்திருந்தார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்ப வயலுல யூரியா போட்டுட்டுத் தண்ணிய வடிச்சிரப்பிடாதுன்னு சொல்லுகது இதுக்காக்கும்?" என்றார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மகன் வாரிங்டன் தேடியது அவருடைய கேள்விக்கான பதிலைத்தான். கண்ணாடித் தொட்டிக்கு அது ஓசியில் கிடைத்தது.

அறிவியல் அதோடும் நிற்கவில்லை. பாடப்புத்தகங்களில் நைட்ரோபாக்டர் என்று எழுதிவைத்த இரண்டாம் கட்ட உயிர், நன்னீர்த் தொட்டிகளில் உண்மையில் நைட்ரோஸ்பைரா என்ற வேறு இனம் என்பது 1990களின் பிற்பகுதியில்தான் தெரிந்தது. இரண்டு கட்டத்தையும் ஒரே உயிர் தனியாகச் செய்ய முடியும் என்று 2015இல் கண்டார்கள். அப்படிப்பட்ட உயிர்களைக் கண்டெடுத்த இடங்களில் ஒன்று, மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஒரு பில்டர்.

*

இதுவரை சொன்னது தண்ணீரின் கதை. அந்தத் தண்ணீருக்குள் விட்ட மீன் எங்கிருந்து போனது என்பது இன்னொரு கதை, அதில் நம் ஊர்க் குளங்களுக்குப் பங்கு உண்டு.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற மறைப்பணியாளர் இருந்தார். தமிழ்நாட்டு மீன்களைப் பிடித்து, பதப்படுத்தி, பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்புவார். பிளாக் அந்தக் காலத்து மீன் அறிவியலின் பெரிய ஆள். கரிமீனுக்கு 1790இலும், விராலுக்கு 1793இலும், செல்லக்காசுக்கு 1795இலும் அறிவியல் பெயரிட்டவர் அவர்தான். அதே தரங்கம்பாடியில் 1791இல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, குளத்தங்கரைப் பனைமரத்தின் பட்டை இடுக்கில் தண்ணீர் மட்டத்துக்குச் சுமார் ஐந்தடி மேலே ஒரு மீனைக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயச் சங்கத்தின் இதழில் அது அச்சானது. ஐரோப்பா நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் நூறு வருஷம் வாதாடியது. நமக்கு அது புதிதில்லை. அந்த மீனுக்குத் தமிழில் பெயரே பனையேறிக் கெண்டை. மரத்தில் அது தானாக ஏறாது, பறவை தூக்கிப்போட்டதாக இருக்கும் என்று பின்னால் விளக்கினார்கள். ஆனால் மழைநாளில் தரையில் ஊர்ந்து குளம் மாறும் என்பது உண்மை. அதன் தலைக்குள் மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. அதைக்கொண்டு நேராகக் காற்றைச் சுவாசிக்கும். கடைகளில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒற்றையாக விற்கும் ஃபைட்டர் மீனுக்கும் அதே உறுப்புதான். குப்பியில் அது உயிரோடிருப்பது காற்றைச் சுவாசிக்க முடிவதால்; அம்மோனியாவிலிருந்து அந்த உறுப்பு அதைக் காப்பாற்றாது.

1849இல், தந்தை வாரிங்டன் லண்டனில் தொட்டி வைத்த அதே வருஷம், ஜெர்டன் சென்னையில் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டார். பின்னர் சென்னை ராணுவ மருத்துவரான பிரான்சிஸ் டே 1865இல் மலபார் மீன்கள் பற்றியும், 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் பற்றியும் பெரும் நூல்களைக் கொண்டுவந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் இந்த மீன்களில் பல உயிரோடு கப்பலேறி ஜெர்மனிக்குப் போயின. வரிக்குதிரை மீன், செல்லக்காசு, கெண்டை வகைகள் எல்லாம் ஹாம்பர்க் வழியாக ஐரோப்பிய வீடுகளில் நுழைந்தன. சென்னையில் 1909இல் எட்கர் தர்ஸ்டனின் யோசனைப்படி மெரினா கடற்கரையில் காட்சித் தொட்டிகள் திறந்தன. இரண்டாம் உலகப்போரில் அவை மூடப்பட்டன. அங்கே காட்டியது கடல்மீன். குளத்து மீனைக் கண்ணாடிக்குள் வைத்து அழகுபார்க்க நம்மவர்களுக்குத் தோன்றவில்லை. தினமும் குளிக்கிற குளத்தில் காலைக் கடிக்கும் மீனை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

அப்போது திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த நம் மாவட்டத்து மீன்களைப் பற்றியும் ஆய்வுகள் வந்தன. சுந்தர்லால் ஹோரா 1941இல் திருவிதாங்கூர் நன்னீர் மீன்களைப் பட்டியலிட்டவர்களில் ஒருவர். பின்னால் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரான சைலஸ் 1950களில், பக்கத்துத் தாமிரபரணியில் கிடைத்த ஒரு கெண்டைக்கு அந்த நதியின் பெயரையே வைத்தார். நீண்ட முதுகுத்துடுப்பு இழைகளோடு நீந்தும் அந்த மீன் இன்று அழிவாபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

செல்லக்காசைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் பள்ளத்தி என்பார்கள். கையகலம்கூட இருக்காது, மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்தே முட்டையைக் காவல் காக்கும், துடுப்பால் விசிறும். பொரிந்த குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்னும். அதைவிட ஆச்சரியம் அதன் சொந்தக்காரனான கரிமீனோடு அதற்குள்ள உறவு. கரிமீனின் துடுப்புகளில் படியும் பூஞ்சையையும் ஒட்டுண்ணியையும் செல்லக்காசு கொத்தி எடுத்துச் சுத்தம் செய்யும் என்று 1972இல் இரண்டு ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். அதே செல்லக்காசு, சந்தர்ப்பம் கிடைத்தால் கரிமீனின் முட்டையையும் தின்னும். பல இன மீன்களை ஒரே தொட்டியில் வளர்ப்பவர்கள் எது எதோடு ஒத்துப்போகும் என்று மண்டையைப் போட்டு உடைப்பார்கள். ஒத்துப்போவது என்றால் என்ன என்று இந்த இரண்டு மீனையும் பார்த்தால் தெரியும். பங்காளி உறவுதான், நன்மையும் உண்டு, கண் வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

*

இனித் திரும்பி வந்த கணக்கு. கொசு ஒழிக்க என்று கம்பூசியாவை 1920களின் இறுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1952இல் இலங்கையிலிருந்து திலேப்பியா வந்தது; நாம் ஜிலேபிக் கெண்டை என்கிறோம். இன்று குளத்தில் தூண்டில் போட்டால் முதலில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். இவை அரசு கொண்டுவந்தவை. வண்ணமீன் தொட்டியிலிருந்து இறங்கியவை வேறு. தென் அமெரிக்கச் சக்கர் மீன், கண்ணாடிப் பாசியைத் தின்னும் என்று சொல்லி விரலளவில் விற்கப்படுவது; சில வருஷத்தில் ஒரு அடியைத் தாண்டும். பக்கத்துத் திருவனந்தபுரத்தின் நகர ஓடைகளில் அது இனப்பெருக்கம் செய்து நிலைத்துவிட்டதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அமேசானின் அரபைமாவும் வட அமெரிக்காவின் முதலைமூக்கு மீனும் வலையில் விழுந்தன. தொட்டியிலும் பண்ணையிலும் அடைத்து வைத்தவை வெள்ளத்தில் வெளியேறியிருந்தன.

வெள்ளம் எப்போதாவது வரும். சாதாரணமாக மீனைக் குளத்தில் சேர்ப்பது நம்முடைய இரக்கம். மீன் தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது, அல்லது பிள்ளைகளுக்கு ஆசை தீர்ந்துவிட்டது. "பாவம், கொல்லண்டாம், கோயில் குளத்துல கொண்டு விட்டிருவோம்" என்று ஒரு பாட்டி சொல்வார். அந்த மனசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாஞ்சில் நாட்டில் குளம் என்பது தனியாக இருப்பதில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் புத்தன் அணை தாண்டிச் சானல்களாகப் பிரிந்து குளம் குளமாக நிரப்புகிறது. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. கடைசியில் எல்லாம் பழையாற்றோடு மணக்குடிக் காயலுக்குப் போகிறது. நடுவில் இருக்கும் சுசீந்திரம் தேரூர் நீர்நிலையும் வேம்பனூர் நீர்நிலையும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. ஒரு குளத்தில் விட்ட சக்கர் ஒரு மழைக்காலத்தில் மறுகால் ஏறிவிடும். அது கரையைக் குடைந்து முட்டையிடும். அயிரையும் ஆரலும் உண்ணும் அடித்தளத்தை மேய்ந்துவிடும்.

அப்படியென்றால் வண்ணமீன் வளர்ப்பையே விட்டுவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. உள்ளூர் மீனை மட்டும் வளர்ப்போம் என்பதும் முழுத் தீர்வு இல்லை. மிஸ் கேரளா என்று உலகச் சந்தையில் பேர்பெற்ற சிவப்புக்கோட்டு மீனை, 1865இல் டே அன்றைய சென்னை கவர்னர் டெனிசனின் பெயரில் விவரித்த மீனை, காட்டாறுகளிலிருந்து அள்ளி அள்ளி விற்று அது அழிவின் ஓரத்துக்கு வந்தது. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து 30 அழிவாபத்து நன்னீர் மீனினங்கள் சேர்ந்து 15 லட்சத்துக்கும் மேல் ஏற்றுமதியாயின என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. டெவன் கடற்கரையில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

செய்யக்கூடியது இவ்வளவுதான். நம் வீட்டுத் தண்ணீர் எது என்று முதலில் பார்ப்பது. மலைத் தண்ணீர் மென்மையானது, அதில் டெட்ராவும் நம் கெண்டைகளும் நன்றாக வாழும். கடலோரக் கிணற்றின் கடின நீரில் மோலி, கப்பி சந்தோஷமாக இருக்கும். தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுத்தால் மருந்துச் செலவு பாதியாகக் குறையும். நமக்கு ஹீட்டரும் பெரும்பாலும் தேவைப்படாது. பண்ணையில் பெருக்கிய மீனை வாங்குவது. முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம் வரும் என்று கேட்டு வாங்குவது. மீனை விடுமுன் அந்த ஒரு மாசம் காத்திருப்பது. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுப்பது, அல்லது வளர்க்கிற இன்னொருவருக்குக் கொடுப்பது. எக்காரணம் கொண்டும் குளத்தில் விடாமலிருப்பது. சென்னைக் கொளத்தூரில் இருந்து ரயிலேறி வரும் மீன்களைப் பாலிதீன் பையில் எண்ணிப் போடும் நம்மூர்க் கடைக்காரர்கள், தண்ணீரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறார்கள். குளத்தைப் பற்றியும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால், வாங்குகிறவர்கள் அதையும் கேட்டுக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தந்தை வாரிங்டன் கண்ணாடிக்குள் இருந்ததைப் பார்த்தார். மகன் வயலின் வடிகால் தண்ணீரைச் சேகரித்து அதில் என்ன போகிறது என்று பார்த்தார். நம் தொட்டிக்கும் ஒரு வடிகால் உண்டு. அது எந்தச் சானலில், எந்தக் குளத்தில் போய்ச் சேர்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது மீன் வளர்க்கிறவரின் வேலையில் சேர்ந்ததுதான்.